வாய்க்காலுக்கு மேல கழட்டின கிளச்

எங்கட வீட்டில கார் நிண்டது எண்டு சொன்னா உங்களில சிலபேர் இண்டைக்கும் சிரிப்பியள். சிரியுங்கோ. உங்கட வீடுகளில அப்ப நிண்டது ரெண்டு எருமையும் ஒரு செயின் இல்லாத சைக்கிளும். நான் ஒண்டையும் மறக்கேல்லை.

கனகராயன்குளத்துக்கு அங்கால, உள்ளுக்க, குடியேற்றத் திட்டக் காணி. யாழ்ப்பாணத்தில இருந்து வந்த சனம் காட்டை வெட்டி, வெட்டின கட்டையை எரிச்சு, சாம்பல் பறக்க வயல் செய்த காலம். எங்கட வாய்க்கால் வழியே கார் வைச்சிருந்தது அப்பா ஒராள்தான். கறுப்புக் கார். இங்கிலாந்தில செய்தது. ஆரோ தேயிலைத் தோட்டத்துத் துரை ஓடி, பேந்து யாழ்ப்பாணத்தில ஒரு டொக்டர் ஓடி, அவரும் அலுத்துப்போய் வித்தது. ஒரு கதவுக்குப் பிடி இல்லை, கயிறு கட்டி இருந்தது. பின் சீற்றுத் தோல் வெடிச்சு உள்ளுக்க இருந்து தும்பு எட்டிப் பாக்கும். காருக்குள்ள ஏறினா பெற்றோல், விபூதி, ஆரோ சத்தி எடுத்த புளிப்பு, எல்லாம் சேந்த ஒரு மணம். கலியாணத்துக்கு, ஆசுப்பத்திரிக்கு, கோயிலுக்கு எண்டு அப்பா அதை வாடகைக்கு ஓடினவர்.

கார் அப்பான்ர பேரில. ஆனால் அது அம்மான்ர கார். எப்பிடியெண்டா, ஊரில அம்மாவுக்குச் சீதனமாக் குடுத்த பனங்காணி ஒரு துண்டு இருந்தது. அதை வித்துத்தான் கார் எடுத்தது. அம்மா விரலை மையில தோச்சு அடையாளம் வைச்சுக் குடுத்தவ. காணி அவவின்ர பேரில இருந்தது, கார் வந்தது அவற்ர பேரில. எனக்கு அப்ப பத்து வயசு, அந்த வித்தியாசம் விளங்கேல்லை. அம்மாவுக்கு விளங்கினது. ஒவ்வொரு நாளும் விடிய முத்தம் கூட்டிப்போட்டு அந்தக் காரை ஈரச்சீலையால துடைப்பா. அப்பா துடைச்சு நான் ஒருநாளும் காணேல்லை. ஓடுறதோட சரி.

ஓட்டமும் ஒரு ஓட்டமே? இடது காலை எந்தநேரமும் கிளச்சுக்கு மேல வைச்சபடிதான் இருப்பார். சும்மா, கதிரைக் காலில கால் வைச்சிருக்கிறமாதிரி.

கிளச் எண்டா என்னெண்டு உங்களுக்குச் சொல்லவேணும், ஏனெண்டா உங்களில கார் ஓடினவையே ரெண்டு பேர், அதில ஒராளுக்குக் கண் தெரியாது. இஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவில சாப்பிடுற பீங்கான் அளவில ஒரு தட்டு. பிளேட் எண்டுறது அதைத்தான், ரெண்டு முகத்திலயும் தோல் மாதிரி ஒண்டு அடிச்சிருக்கும். அது இஞ்சின்ர சக்கரத்தைக் கவ்விப் பிடிச்சா கார் ஓடும். காலால மிதிச்சா விடும். கால் பாதி மிதிச்சபடி இருந்தா அது வடிவாக் கவ்வவும் மாட்டாது, விடவும் மாட்டாது, உரஞ்சிக்கொண்டே கிடந்து தேயும். தேஞ்சா வழுக்கும். இஞ்சின் தன்ர பாட்டில கத்தும், கார் தன்ர பாட்டில நிக்கும்.

அது வழுக்கத் துவங்கினது ஒரு பங்குனி மாசம். கலியாணவீட்டுச் சனத்தை ஏத்திக்கொண்டு குளக்கட்டில ஏறுறம். முன்னுக்கு மூண்டு பேர், பின்னுக்கு ஆறு பேர், நான் ஆற்றையோ மடியில. இஞ்சின் கத்துது, கார் போகுதில்லை. அப்பா இன்னும் மிதிக்க அது இன்னும் கத்துது. பேந்து ஒரு மணம் வந்தது. மாட்டுக் கொம்பைச் சுட்டமாதிரி. பின்னுக்கு இருந்த கிழவி ஒண்டு "ஐயோ, ஆற்றையோ சீலை எரியுது" எண்டு குழற, பொம்பிளையள் எல்லாம் தங்கட தங்கட சீலையை இழுத்து இழுத்துப் பாக்கினம். அப்பா இன்னும் மிதிச்சார். கழுத்து நரம்பு மட்டும் எழும்பி நிண்டது.

கலியாணவீட்டில மாமா நிண்டவர். மாமா எண்டா அம்மான்ர தமையன், அரசாங்கக் கந்தோர் ட்ரக்ரர் திருத்துறவர். அப்ப அவர் கலியாணம் கட்டேல்லை. கார் வந்து நிண்ட உடனேயே மூக்கைச் சுருக்கினார்.

"அத்தான், பிளேட் எரியுது."

"கம்பியைக் கொஞ்சம் திருகினாச் சரி" எண்டார் அப்பா.

மாமா அதோட விட்டிருக்கலாம். விடேல்லை. பந்தியில இலை போட்டு எல்லாரும் குந்தி இருக்கேக்கை, சோத்தைக் குழைச்சுக்கொண்டு மாமா சத்தமாச் சொன்னார்: "காலை எந்தநேரமும் கிளச்சில வைச்சுக்கொண்டு இருக்கிற ஆளுக்கு மாட்டுவண்டில்தான் சரி. மாட்டுக்குக் கிளச் இல்லை."

சனம் சிரிச்சுது. சிரிச்ச ஆக்களில உங்கட அப்பாமாரும் இருந்தவை. மாமா சொன்னது சரியான கதைதான். சொல்லக்கூடாத இடத்தில சொன்னார். அப்பா பாயாசத்துக்கு நிக்காமல் இலையை மடிச்சுப்போட்டு எழும்பினார். அண்டையில இருந்து கோபம்.

கோபம் எண்டா என்னெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குள்ளேயே ரெண்டு பேர் ஒருத்தரோட ஒருத்தர் கோபம், அதுதான் ஒராள் கதிரையை அந்தப் பக்கம் திருப்பி வைச்சிருக்கிறார். இப்பத்தைப் பெடியளுக்குக் கோபம் எண்டா ரெண்டு சத்தம் போட்டிட்டுப் பின்னேரம் சேந்து கிறிக்கற் விளையாடுறது. எங்களுக்கு அது அப்பிடியில்லை. கோபமெண்டா முகம் பாக்கிறேல்லை, பேர் சொல்லுறேல்லை, நேர கதைக்கிறேல்லை. அவன் செத்தாத்தான் படலை திறக்கும். சிலநேரம் அதுவும் இல்லை.

அப்பா கம்பியைத் திருகிப் பாத்தார். ஒருக்காத் திருக ரெண்டு நாள் ஓடினது. பேந்து திருக அரைநாள். பேந்து திருகக் கம்பியில இடமில்லை. வெறும் கார் கூட மேட்டில ஏறாமல் நிண்டு மணந்தது.

அப்பதான் வவுனியாவில இருந்து ஒருத்தன் வந்தான். பழைய காரை வாங்கி உடைச்சுச் சாமான் சாமானா விக்கிறவன். காரைச் சுத்தி வந்து, டயரைக் காலால உதைச்சு, அம்மா துடைச்சு வைச்ச இஞ்சின் மூடியில விரலால ஒரு கோடு கீறிப் பாத்தான். அந்தக் கையை முறிச்சிருக்கவேணும். குளத்து மதகு, துருசு, திறந்து சிறுபோகத்துக்குத் தண்ணி விடுற அண்டைக்குத் திரும்பி வாறனெண்டு போனான்.

அப்பா குசினி வாசலில நிண்டு சொன்னார்: "நான் விதைப்புக்கு இறங்கப் போறன், காசு வேணும். அவன் வரேக்கை கார் ஓடினா எங்களிட்ட நிக்கும். ஓடாட்டில் போகும்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டு இருந்தவ, நிமிரேல்லை. அண்டு மத்தியானம் கொதிக்கிற வெயிலில மூண்டு கட்டை, மூண்டு மைல், நடந்து தமையனிட்டப் போனவ. என்ன சொன்னாவோ தெரியாது. அடுத்தநாள் மாமா சாமான் பெட்டியோட வந்து படலைக்கு வெளியில நிண்டார். உள்ளுக்க வரேல்லை. அப்பா முத்தத்தில நிண்டார். படலை வரைக்கும் போகேல்லை. நடுவில நான்.

"கொப்பரிட்டச் சொல்லு, கைப்பிறேக்கை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு ரொப் கியரில, கடைசிக் கியரில, போட்டிட்டுக் கிளச்சை விடச் சொல்லி."

பத்துப் பாகம், கூப்பிடு தூரம். மாமா சொன்னது அப்பான்ர காதில விழும். விழுந்தும் நிக்கிறார், மரம் மாதிரி. நான் போய் அதே கதையைச் சொன்னாப் பிறகுதான் அவருக்குக் கேக்கும்.

அப்பா ஏறிச் செய்தார். நல்ல கிளச் எண்டா அப்பிடி விட்ட உடன இஞ்சின் திணறி நிண்டுபோகும். இது நிக்கேல்லை. பாட்டுப் பாடிக்கொண்டு சுத்துது.

"சொல்லு, கம்பியில ஒண்டும் இல்லை, பிளேட் போச்செண்டு."

"கேள், புதுப் பிளேட்டுக்கு எங்க போறதாமெண்டு."

"சொல்லு, புதுசு வேண்டாம். பழசுக்குப் புதுத் தோல் அடிக்கலாம். மிச்சம் என்ர கை."

இப்பிடித்தான் அந்தக் காருக்கு வைத்தியம் பாத்தது.

கிளச் எடுக்கிறதெண்டா கியர்ப்பெட்டியைக் கீழ இறக்கவேணும். அதுக்குக் காருக்குக் கீழ ஆள் நிக்கக் குழி வேணும். எங்கட வளவு நிலம் பங்குனியில கல்லு மாதிரி. மாமா சுத்திப் பாத்துப்போட்டு வாய்க்காலைக் காட்டினார். பெரும்போகம் வெட்டினாப் பிறகு தண்ணி மறிச்சு வாய்க்கால் காஞ்சு வெடிச்சுக் கிடந்தது. ரெண்டு வரம்பிலயும் பலகை போட்டு, காரைத் தள்ளி, இந்தப் பக்கச் சில்லு இந்த வரம்பிலயும் அந்தப் பக்கச் சில்லு அந்த வரம்பிலயும் நிக்கவைச்சாச்சு. வாய்க்கால் காருக்கு நடுவால. சதமும் செலவில்லாத குழி. துருசு திறக்கிற வரைக்கும்தான். அதுக்கு ஆறு நாள் இருந்தது.

மாமா கீழ படுத்து வேலை செய்வார். அப்பா அங்கால குளக்கட்டில, பேச்சுக் கேக்காத தூரத்தில, மருதமரத்துக்குக் கீழ குந்தி இருந்து வெத்திலை சப்புவார். உதவி செய்யமாட்டார், போகவும் மாட்டார். முதல் நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"உந்தாளிட்டக் கேள், இண்டைக்குக் கழட்டுவாரோ, இல்லாட்டி அடுத்த தைப்பொங்கல் வரைக்கும் படுத்துக் கிடப்பாரோ எண்டு."

நான் ஓடிப்போய் ஒரு சொல்லும் விடாமல் சொன்னன். மாமா கீழ இருந்து வந்து எண்ணெய்க் கையால கன்னத்தில ஒண்டு விட்டார். "ஆர்ரா படுத்துக் கிடக்கிறது? போய்ச் சொல்லு, திருத்துறவனுக்கு நேரம் வேணும், மிதிச்சு நாசமாக்கிறவனுக்குத்தான் வேண்டாம் எண்டு."

அதையும் ஒரு சொல்லும் விடாமல் கொண்டுபோய்ச் சொன்னன். அப்பா மற்றக் கன்னத்தில விட்டார்.

நான் என்ன செய்தனான்? சொல்லச் சொன்னதைச் சொன்னனான். அவைக்கு ஆளை ஆள் அடிக்க வழியில்லை, கோபமெல்லே. நடுவில நிண்டதை அடிச்சினம். அம்மா ஒரு பக்கம் எண்ணெய்க்கறையைத் துடைச்சு விட்டா, மற்றப் பக்கம் வெத்திலைச் சாறைத் துடைச்சு விட்டா.  ரெண்டு பேரையும் ரெண்டு கல்லால எறிஞ்சு கொல்லவேணும் போல இருந்தது எனக்கு. இப்பவும் சிலநேரம் இருக்கும், ரெண்டு பேரும் சாம்பலாப் போய் எவ்வளவு காலம்.

அடுத்தநாள் நான் புத்தி மாத்தினன். அப்பா சொன்னார்: "அவன்ர கை நடுங்குது, கள்ளு வெறியில வந்தவனோ எண்டு கேள்." நான் போய், "மாமா, வெயில் கூடவோ எண்டு கேக்கிறார்" எண்டன்.

மாமா தலையை வெளியில நீட்டினார். "ஆர், கொப்பரோ கேட்டவர்?"

"ஓம்."

எண்ணெய்க் கையைச் சாரத்தில துடைச்சார். "கூடத்தான். தலை வெடிக்குது எண்டு சொல்லு."

நான் அப்பாவிட்ட, "வெறி இல்லையாம், வெயிலுக்குத் தலையிடியாம்" எண்டன். அப்பா வெத்திலையைத் துப்பினார். பேந்து, "வீட்டுக்குப் பின்னால ஓலைக் கிடுகு கிடக்கு, ரெண்டைக் கொண்டுபோய்ச் சரிச்சு விடு" எண்டார். நான் கிடுகை இழுத்துக்கொண்டு போக, அம்மா குசினி வாசலில நிண்டு பாத்தா. பங்குனி துவங்கினாப் பிறகு அவவின்ர பல்லை அண்டைக்குத்தான் கண்டனான்.

பேந்து கேக்கவேணுமே? நானே அரசாங்கம். அங்க இருந்து வாற வசவை வழியில கொட்டிப்போட்டு, வேற ஒண்டை நிரப்பிக்கொண்டு போவன். ரெண்டு நாள் எனக்கு ஒரு அடியும் விழேல்லை. மாமா ஒருக்கா "கிடுகு நல்லம்" எண்டு சொல்லி விட்டவர். அதை மட்டும் மாத்தாமல் சொன்னன்.

மூண்டாம் நாள் கியர்ப்பெட்டியைக் கயித்தில கட்டி இறக்கி, பிளேட்டைக் கழட்டினார். சனியன், தோல் எண்டு ஒண்டுமில்லை. அதைப் பிடிச்சு வைச்ச செப்பு ரிவிற்றின்ர தலையள் வெளிய வந்து இளிச்சுக்கொண்டு இருந்தது. அது கிழிச்சு இஞ்சின் சக்கரத்திலயும் கோடு. பிளேட்டின்ர நடுவில ஒரு பக்கம் தட்டை, மற்றப் பக்கம் கொழுக்கட்டை மாதிரி வீங்கி இருக்கும். மாமா எந்தப் பக்கம் கியர்ப்பெட்டியைப் பாத்ததெண்டு மறக்காமல் இருக்கச் சோக்கால ஒரு புள்ளடி போட்டுத் தந்தார். அப்பா அதைச் சாக்கில சுத்தி, மடியில வைச்சுக்கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினார். அங்க ஒருத்தன் பழந்தோலைத் தட்டிக் கழட்டி, புதுத்தோலை வைச்சு, செப்பு ரிவிற் அடிச்சுக் குடுத்தான்.

மாமா இங்க சும்மா இருக்கேல்லை. சக்கரத்தை எமரித் தாளால உரஞ்சி உரஞ்சிக் கோட்டை எடுத்தார். கிளச்சை அமத்துற இடத்தில ஒரு கரி வளையம் இருக்கும், அதை நகத்தால அளந்து பாத்து, "இது இன்னும் ரெண்டு வருசம் கிடக்கும்" எண்டு திரும்பப் போட்டார். பிளேட்டை நடுவில பிடிக்க ஒரு இரும்புத் தண்டு வேணும். அது இல்லை. முதிரைக் கொப்பொண்டைச் சீவிச் சீவி, ஓட்டையில விட்டு விட்டுப் பாத்து, அச்சாவா ஒரு தண்டு செய்தார். அந்தக் கையில குறை சொல்ல ஏலாது. வாய்தான்.

அந்த வாயும் அப்ப வீங்கிப்போச்சு. கடைவாய்ப்பல்லுக் குத்து. ஒரு பக்கக் கன்னம் பனங்காய் மாதிரி. கராம்பைக் கடிச்சுக்கொண்டு வேலை செய்தார்.

துருசு திறக்கிறதுக்கு முதல் நாள் காலமை. அப்பா பிளேட்டோட வந்து, என்னட்டக் குடுத்து விட்டிட்டு, மருதமரத்தடியில குந்தினார். ரிவிற் அடிச்சவன் பிளேட்டை மண்ணெண்ணெயில கழுவித் தந்திருக்கிறான், சோக்குப் புள்ளடி போச்சு. மாமா திருப்பித் திருப்பிப் பாத்தார். அவற்ர ட்ரக்ரரில வீங்கின பக்கம் இஞ்சினைப் பாத்துத்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில, அப்பிடியே பிடிச்சுக்கொண்டு கீழ போனார்.

அப்பா குளக்கட்டில இருந்து அதைக் கண்டிட்டார். அவர் கழட்டேக்கையும் பாத்தவர், பஸ்ஸில மடியில வைச்சும் பாத்தவர். அவருக்குத் தெரியும். எழும்பி ரெண்டு அடி வைச்சார். நிண்டார். அந்த ரெண்டு அடியோட இன்னும் ஒரு முப்பது அடி வைச்சு, "டேய், மாறிப் போடுறாய்" எண்டு ஒரு சத்தம் போட்டிருந்தா நான் இண்டைக்கு உங்களுக்கு முன்னால வாயைத் திறக்கத் தேவையில்லை. திரும்பி வந்து குந்தினார். என்னைக் கூப்பிட்டார்.

"கொம்மானிட்டப் போய்ச் சொல்லு. பிறந்த நாளில இருந்து எல்லாத்தையும் மறுவளமாத்தான் செய்யிறவன். வீங்கின மூஞ்சியை ஆருக்குக் காட்டுறான்? பின்னுக்குத் திருப்பச் சொல்லு."

நீங்கள் சொல்லுங்கோ. பத்து வயசுப் பெடியனுக்கு அது என்னெண்டு விளங்கும்? மாமான்ர கன்னம் வீங்கிக் கிடக்கு. வீங்கின மூஞ்சியைப் பின்னுக்குத் திருப்பட்டாம். அதைக் கொண்டுபோய்ச் சொன்னா எனக்கு என்ன விழும் எண்டு மட்டும்தான் எனக்கு விளங்கினது. மற்ற வசவை வழியில கொட்டினமாதிரி அதையும் கொட்டினன்.

"மாமா, தேத்தண்ணி வேணுமோ எண்டு கேக்கிறார்."

கீழ சுத்தியல் நிண்டது. "அவரோ?"

"ஓம்."

சுத்தியலைக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுது. பேந்து மெல்லச் சொன்னார், பல்லுக்குத்தோட: "ஓம் எண்டு சொல்லு."

நான் ஓடிப்போய் அப்பாவிட்ட, "ஓமாம்" எண்டன்.

"ஓமாமோ?"

"ஓமாம்."

"சரி" எண்டு போட்டு அப்பா மற்றப் பக்கம் திரும்பி, இன்னொரு வாய் வெத்திலை போட்டார். நான் குசினிக்கு ஓடி, "மாமாவுக்குத் தேத்தண்ணியாம், அப்பா சொன்னவர்" எண்டன். அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே. போத்தலில இருந்த கடைசிச் சீனியையும் தட்டிப் போட்டு ஆத்தித் தந்தா.

பின்னேரம் எல்லாம் பூட்டியாச்சு. காரில அப்பா ஏறினார், மாமா வாய்க்காலுக்க நிண்டார். அம்மாவும் வந்து தள்ளி நிண்டவ. இஞ்சின் ஒரு சுத்தில பிடிச்சுது. அப்பா கிளச்சை மிதிச்சுக் கியரைப் போட்டார். கறார் எண்டு ஒரு சத்தம், அரிசி ஆலைக்குள்ள கல்லுப் போனமாதிரி. திரும்பப் போட்டார். திரும்பவும் கறார். மிதிச்சா விடவேண்டிய தட்டு விடுதில்லை.

"நிப்பாட்டச் சொல்லு" எண்டார் மாமா. ரோச் லைற்றை எடுத்துக் கீழ இருக்கிற சின்ன ஓட்டைக்குள்ளால பாத்தார். வெளிய வந்து வாய்க்கால் மண்ணில குந்தினார்.

"பிளேட் மறுவளம். வீங்கின பக்கம் பின்னுக்குப் பாக்கவேணும், நான் முன்னுக்கு வைச்சிட்டன்."

எனக்கு அப்பதான் விளங்கினது. 

மாமா என்னை நிமிந்து பாத்தார். "கொப்பரிட்டச் சொல்லு, பிழை என்ர. விடிய ரெண்டு பேர் பெட்டியைப் பிடிச்சா, துருசு திறந்து தண்ணி வர முதல் இறக்கித் திருப்பி ஏத்திப்போடலாம். தனிய ஏலாது. ரெண்டு பேர் வேணும்."

அதை நான் அப்பிடியே சொன்னன். ஒரு எழுத்துக் கூட்டேல்லை, குறைக்கேல்லை. அப்பா காரால இறங்கி வீட்டுப் பக்கம் நடந்தார். நானும் அம்மாவும் பின்னால. முத்தத்தில நிண்டு என்னைக் கேட்டார்: "காலமை நான் சொன்னதை அவனிட்டச் சொன்னனியோ?"

"ஓம்."

"அவன் ஓம் எண்டவன்தானே?"

"ஓம்."

அவர் அம்மாவைப் பாத்தார். "கேட்டியோ? பிளேட்டைத் திருப்பு எண்டு சொல்லி விட்டனான். ஓம் எண்டு போட்டு மாறிப் பூட்டியிருக்கிறான். பிழையாம். உன்ர கொண்ணன் தெரிஞ்சுதான் செய்தவன். என்னைச் சந்தியில நிப்பாட்ட. அவனோட சேந்து நான் பெட்டி பிடிக்கவோ?"

அம்மா சீலையை இழுத்து இடுப்பில செருகினா. "நீங்கள் பிடிக்கவேண்டாம். நான் பிடிக்கிறன்" எண்டா. அப்பிடி ஒரு குரலில அவா கதைச்சு நான் கேட்டதில்லை. போக வெளிக்கிட்டவ, நிண்டு, என்ர தாடையைப் பிடிச்சு நிமித்தினா.

"நீ மாமாவுக்கு வடிவாச் சொன்னனியோ, தம்பி? பிளேட்டைத் திருப்பச் சொல்லி?"

அப்பா பக்கத்தில நிக்கிறார். அந்தக் கை எனக்குக் கிட்ட இருந்தது. நான் அவவின்ர முகத்தைப் பாத்துத்தான் சொன்னன். "ஓம். சொன்னனான்."

அவா என்ர தாடையை விட்டா. இடுப்பில செருகின சீலையை எடுத்து விட்டா. குசினிக்குள்ள போய்க் குந்தினவ.

நான் வாய்க்காலடிக்குத் திரும்பிப் போக மாமா கேட்டார்: "என்னவாம்?"

"வரமாட்டாராம்."

"கோத்தை? என்ர தங்கச்சி?"

"வரமாட்டா."

மாமா சிரிச்சார், வீங்கின பக்கம் அசையாமல். "மேல குந்தி இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தவர். பிளேட்டைக் கொண்டுபோய் வந்தவர் அவர். ஒரு சொல்லுச் சொல்லேல்லை. தேத்தண்ணி அனுப்பினவராம், தேத்தண்ணி."

விடிய மாமா வந்து காருக்குக் கீழ வாய்க்காலில தனிய நிண்டார். ரெண்டு ஆணியைக் கழட்டினார், பேந்து கை விட்டார். ஆரும் வருவினமோ எண்டு வீட்டுப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம். துருசு திறந்து தண்ணி வந்தது. முதல்ல சருகைத் தள்ளிக்கொண்டு, மண் வெடிப்புக்குள்ள குடிச்சுக் குடிச்சு, பேந்து அவற்ர கணுக்கால். அவர் ஆணி கழட்டுற சாவியளைத் தண்ணிக்குள்ள தடவிப் பொறுக்கிப் பெட்டியில போட்டுக்கொண்டு போனார். முதிரைத் தண்டு மிதந்து போச்சு.

வவுனியாக்காரன் மத்தியானம் வந்தான். ட்ரக்ரர் பிடிச்சுக் காரை இழுத்து லொறியில ஏத்தினான். ஓடாத கார், ஓடாத விலை. அப்பா விதைச்சார். அந்தப் போகம் நெல்லை மூட்டுப்பூச்சி சப்பிப்போட்டுது. சரி, அதை விடுங்கோ.

அம்மா தமையனோட கோபம் போட்டா. அப்பான்ர கோபத்தை விட அது பெரிய கோபம். என்ர காணியைத் தெரிஞ்சு தெரிஞ்சு அழிச்சவன் எண்டு. மாமா தண்ணீரூற்று எண்ட ஊரில கலியாணம் கட்டினார், போகேல்லை. ஒரு மகன் பிறந்தது, பாக்கேல்லை. சண்டைக்கு இடம்பெயர்ந்து எல்லாரும் ஒரே முகாமில தறப்பாள் கொட்டிலுகளில கிடந்த காலத்தில மாமா காய்ச்சலில செத்தவர், அம்மா எழும்பிப் போகேல்லை. நூறு யார் தூரம்.

நான் அம்மாவிட்ட உண்மையைச் சொன்னது போன வருசத்துக்கு முதல் வருசம். அவவுக்குத் தொண்ணூறு தாண்டிட்டுது, படுக்கை. ஏன் சொன்னனோ. இனி அடி விழாது எண்டோ. வாய்க்கால், வீங்கின மூஞ்சி, தேத்தண்ணி, எல்லாத்தையும் சொன்னன். கண்ணை மூடிக் கேட்டா. நித்திரை எண்டு நினைச்சன்.

"இப்ப உனக்குப் பாரம் இறங்கிட்டுது" எண்டா. "எனக்கெல்லே ஏத்திப்போட்டாய். நான் இனி ஆரிட்டப் போய்ச் சொல்ல? அண்ணை இல்லை."

சுவர்ப் பக்கம் திரும்பினா. அதுக்குப் பிறகு இருபத்தியொரு நாள் இருந்தவ. என்ர மனிசி குடுத்தாக் குடிப்பா. நான் கோப்பையை நீட்டினா வாய் திறக்கமாட்டா. கடைசியில மனிசியைக் கூப்பிட்டு ஒண்டு சொன்னவ: "எனக்குக் கொள்ளி அண்ணையின்ர மகன் வைக்கட்டும். இவன் வேண்டாம்."

நான் ஒரே பெடியன். உங்களில பாதிப் பேர் அண்டைக்குச் சுடலையில நிண்டனீங்கள். ஏன் நீ வைக்கேல்லை, இடுப்பு வருத்தமோ, மனிசி பிள்ளைத்தாச்சியோ எண்டு இந்த வயசில பகிடி வேற. இதுதான் விசயம். கேட்டாச்சோ?

மாமான்ர மகன் தண்ணீரூற்றில இருந்து மோட்டச்சைக்கிளில வந்தான். மொட்டை அடிச்சு, ஈரவேட்டியோட, கொள்ளியைப் பிடிச்சுக்கொண்டு என்னைத் திரும்பிப் பாத்தான். தகப்பன்ர அதே தாடை.

"மச்சான், மாமி ஏன் என்னைச் சொன்னவ? அவா என்ர முகத்தை ஒருநாளும் பாத்ததே இல்லையே."

"உன்னில சரியான விருப்பம் அவவுக்கு" எண்டன்.

அவன் நம்பிட்டான். கண்ணைத் துடைச்சுக்கொண்டு வைச்சான்.